யாருக்கு எழுதிய கடிதம்?

இங்கிலீஷ் புத்தகக் கடைகளில் ஒரு தனி ரகம் உண்டு. அமெரிக்காவில் ஒரு குடும்பம். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். ஒரு வருஷம் ஜெர்மனியில் போய் இருந்து பார்க்கலாம் என்று கிளம்புவார்கள். திரும்பி வந்ததும் புத்தகம். முதல் அத்தியாயத்தில் வீடு கிடைக்காது. இரண்டாவதில் பாஷை புரியாது. மூன்றாவதில், எந்தக் குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது என்று தெரியாமல் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுவரில் ஆணி அடித்ததற்கு இன்னொரு தரம். பத்தாவது அத்தியாயத்தில் அதே பாட்டி கேக் செய்து கொண்டுவந்து கொடுப்பார். கடைசியில் ஏர்போர்ட்டில் எல்லோரும் அழுவார்கள். சுபம்.

கேலிக்காகச் சொல்லவில்லை. இந்த ரகத்தில் நல்ல புத்தகங்களும் இருக்கின்றன. பீட்டர் மேல் என்ற இங்கிலீஷ்காரர், விளம்பரத் தொழிலை விட்டுவிட்டு மனைவியோடு தெற்கு பிரான்ஸ் கிராமம் ஒன்றில் குடியேறி, 1989ல் 'எ இயர் இன் ப்ரொவான்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். சாப்பாடு, ஒயின், சொன்ன நாளில் வராத கொத்தனார், குளிர்காற்று. அவ்வளவுதான் விஷயம். விற்பனை பிய்த்துக்கொண்டு போயிற்று. படித்தவர்கள் வீட்டைக் கண்டுபிடித்து வாசலுக்கே வந்து நிற்க ஆரம்பித்ததில், மனிதர் தாங்க முடியாமல் சில வருஷம் அமெரிக்காவில் போய் இருக்க வேண்டியதாகிவிட்டது.

இந்தப் புத்தகங்களை மூடி வைக்கும்போது எனக்கு ஒரே ஒரு கேள்விதான் வரும். அந்தப் பக்கத்து வீட்டுப் பாட்டி இதைப் படித்தாரா? படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

இது நமக்கு வேண்டாத கேள்வி இல்லை. முத்துக்குளித்துறையைப் பொறுத்தவரை நாம்தான் அந்தப் பாட்டி. தூத்துக்குடியில் தொடங்கி புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு என்று தெற்கே போகிற இந்தக் கடற்கரையில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குவதும், தங்கி எழுதுவதும் 1542லிருந்து நடக்கிறது. ஒரு வருஷம் இருந்தவர் உண்டு, ஐம்பது வருஷம் இருந்தவர் உண்டு. தனி ஆளாக வந்தவர் உண்டு, குடும்பத்தோடு வந்தவர் உண்டு. அவர்கள் எழுதியதை வரிசையாக வைத்துப் படித்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். எத்தனை வருஷம் இருந்தார் என்பது இரண்டாம்பட்சம். யாருக்கு எழுதினார் என்பதுதான் முதல்.

* * *

முதல் ஆள் சவேரியார். கோட்டாறு, கோவா என்று கோயில் கொண்டிருக்கிற அதே புனித பிரான்சிஸ் சவேரியார்தான். ஆனால் இங்கே அவரைப் புனிதராகப் பார்க்க வேண்டாம், கடிதம் எழுதுகிறவராக மட்டும் பார்ப்போம்.

அவர் வருவதற்கு ஐந்தாறு வருஷம் முன்பே இந்தக் கடற்கரையின் பரதவர்கள் ஆயிரக்கணக்கில் கிறிஸ்தவர்களாகியிருந்தார்கள். முத்துக்குளிக்கும் உரிமைக்காக நடந்த சண்டையில் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பு தேவைப்பட்டது. ஞானஸ்நானம் நடந்ததே தவிர, ஜெபம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. 1542 அக்டோபரில் சவேரியார் வந்து சேர்ந்தார். தாய்மொழி பாஸ்க். தெரிந்தது ஸ்பானிஷ், போர்ச்சுகீசு, லத்தீன். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது.

ஏறக்குறைய ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போய், 1544 ஜனவரி 15 தேதியிட்டு கொச்சியிலிருந்து ரோமில் இருந்த தன் சபைத் தோழர்களுக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். உலகப் பிரசித்தி பெற்ற கடிதம். 1545ல் பாரிஸில் அச்சாகி, ஐரோப்பா முழுக்கப் படித்தது. கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டது, இரண்டு பாஷையும் தெரிந்தவர்களை உட்கார வைத்து ஜெபங்களைத் தமிழாக்கியது, ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோனது எல்லாம் அதில் வருகிறது. பாரிஸ் பல்கலைக்கழகத்தில் போய்ப் பைத்தியக்காரன் மாதிரி கத்தவேண்டும் போலிருக்கிறது, இவ்வளவு படித்தவர்கள் அங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவேண்டும் என்கிறார். படிக்கும்போது நமக்கே எழுந்து போகலாமா என்று தோன்றும். அப்படி ஒரு வேகம்.

ஆனால் கொஞ்சம் பொறுங்கள். அதே கடிதத்தை தூத்துக்குடிக்காரராக உட்கார்ந்து படித்துப் பாருங்கள். கூட்டம் இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், வியாதிக்காரர்கள் இருக்கிறார்கள். ஒரு முகமாவது மனசில் நிற்கிறதா? இல்லை. முத்துக்குளிப்பவன் எப்படி மூச்சடக்குகிறான், தோணி கரையேறும்போது யார் கை கொடுக்கிறார்கள், சாப்பாட்டுக்கு என்ன? வராது. அவருக்கு அது வேலை இல்லை. ரோமிலிருந்தும் பாரிஸிலிருந்தும் ஆள் வரவேண்டும். அதற்கு எழுதிய கடிதம் அது. ஆள் சேர்க்கிற கடிதத்தில் நாம் வேலையின் அளவு மட்டும்தான்.

இதோடு நிறுத்தியிருந்தால் சவேரியாரைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் 1544ல் இதே கரைக்குத் திரும்பி வந்து, மணப்பாடு, புன்னைக்காயல், ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம் என்று ஊர் ஊராக அலைந்துகொண்டே, பிரான்சிஸ்கோ மன்சிலாஸ் என்ற உதவியாளருக்குச் சின்னச் சின்னதாகக் கடிதங்கள் எழுதினார். பிரசுரத்துக்கு இல்லை. அவசரத்தில் எழுதி, போகிற ஆளிடம் கொடுத்துவிட்டது. அவற்றைப் படியுங்கள். வேறு மனிதர் எழுதியதோ என்று சந்தேகம் வரும்.

வடுகர் படை வந்து கடற்கரை ஊர்களைக் கொள்ளையடிக்கிறது. ஜனங்கள் குமரிமுனைப் பாறைகளுக்கு ஓடிப்போய்ச் சோறு தண்ணீர் இல்லாமல் சாகிறார்கள். இவர் இருபது தோணிகளில் சாமான் ஏற்றிக்கொண்டு மணப்பாட்டிலிருந்து கிளம்புகிறார். எதிர்க்காற்று. போக முடியவில்லை. திரும்பி வருகிறார். இன்னொரு பக்கம், தூத்துக்குடியில் இருந்த போர்ச்சுகீசிய கேப்டனே எதிராளிக்குக் குதிரை விற்றுக்கொண்டிருக்கிறான் என்று கொதிக்கிறார். நடுவில், சாராயம் குடிக்கிற பெண்களுக்கு அபராதம் போடு என்று கறாராக ஓர் உத்தரவு. எல்லாம் நமக்குப் பிடிக்கும் என்று சொல்லவில்லை. இந்த ஜனங்களைக் கெட்ட பிள்ளைகளை வைத்துச் சமாளிக்கிற நல்ல தகப்பன் மாதிரி நடத்து என்கிற உபதேசமும் அதே கடிதங்களில்தான் வருகிறது. ஆனால் காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று தெரிந்த ஆள் எழுதிய கடிதம்.

அந்தக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில் மொழிபெயர்த்தார்கள் அல்லவா, அதில் ஒரு கோளாறு. 'நான் நம்புகிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று போட்டுவிட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேலாக இந்தக் கடற்கரை முழுக்க அப்படியே சொல்லிக்கொண்டிருந்தது. கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாகக் கடவுள் எனக்கு வேணும்! சவேரியார் கண்டுபிடித்துவிட்டார். இனிமேல் 'வேணும்' வேண்டாம், 'விசுவாசம்' என்று சொல்லு, 'வேணும்' என்றால் விரும்புகிறேன் என்று அர்த்தம் என்று மன்சிலாஸுக்கு எழுதுகிறார். அந்தக் கடிதத்தின் நடுவே நம் தூத்துக்குடிக் கடைத்தெருவில் இன்றைக்கும் கேட்கிற அதே 'வேணும்'.

ரோமுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் பாஷை தெரியாதது ஒரு தடங்கல். மன்சிலாஸுக்கு எழுதிய துண்டுக் காகிதத்தில் பாஷை ஒரு பொறுப்பு. தப்பாகச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரன் தப்பாகப் புரிந்துகொள்வான் என்கிற கவலை. வெளியூரில் ஒருவர் நிஜமாகவே குடியிருக்க ஆரம்பித்துவிட்டார் என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டுமா?

* * *

சவேரியார் விட்டுப்போன இடத்தில் ஹென்றி ஹென்றிக்கஸ் வருகிறார். தமிழில் அண்ட்ரிக் அடிகளார் என்பார்கள். போர்ச்சுகல்காரர். 1546ல் இந்தியாவுக்கு வந்து, இந்தக் கடற்கரையில் ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்து, 1600ல் இறந்தார். அடக்கம் தூத்துக்குடியில்.

இவர் பெயரை எல்லோரும் ஒரு பொது அறிவுக் கேள்விக்காக மனப்பாடம் செய்திருப்போம். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் எது? 'தம்பிரான் வணக்கம்', 1578, கொல்லம். பதினாறே பக்கம். ஒரு மார்க் கிடைத்துவிடும். விஷயம் அந்த ஒரு மார்க்கில் இல்லை.

அதற்கு 24 வருஷம் முன்னால், 1554ல், லிஸ்பனில் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சானது. அதுவும் ஜெபப் புத்தகம்தான். தயாரித்தவர்கள் அங்கே போயிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் மூன்று பேர். பாஷை தமிழ். எழுத்து மட்டும் ரோமன். ஏன்? படிக்கப்போகிறவர் ஐரோப்பியப் பாதிரியார். அவர் பார்த்து வாசிக்க, நம் ஆட்கள் கேட்கவேண்டும். 1578 புத்தகத்தில் எழுத்தே தமிழ். இதைக் கையில் எடுத்துப் படிக்கப்போகிறவர் நம் ஆள். இரண்டு புத்தகத்துக்கும் நடுவே முகவரி மாறிவிட்டது. தமிழ் அச்சு வரலாற்றில் எனக்கு இதுதான் பெரிய சம்பவமாகப் படுகிறது. அச்சுச் செலவுக்கு முத்துக்குளித்துறை மக்களே பணம் திரட்டிக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனக்கு எழுதப்பட்ட புத்தகத்துக்குத் தானே காசு கொடுக்கிற வாசகர்!

1586ல் 'அடியார் வரலாறு' வந்தது. அறுநூறு பக்கத்துக்கு மேல். புன்னைக்காயலில் அச்சானதாகப் பெரும்பாலும் சொல்வார்கள். இன்றைய புன்னைக்காயலைப் பார்த்தால், தாமிரபரணி கடலில் சேர்கிற இடத்தில் ஒரு மீனவ கிராமம். அந்த மணலில் அச்சுக்கூடம் என்றால் நம்ப மாட்டீர்கள். இந்தப் புத்தகம் வெகுகாலம் ஐரோப்பாவில் தூங்கிவிட்டு, 1967ல் இராசமாணிக்கம் அடிகள் மறுபதிப்பாகக் கொண்டுவந்த பிறகுதான் இங்கே உள்ளவர்கள் கைக்கு வந்தது.

படிக்க எப்படி இருக்கும்? நேராகச் சொல்லிவிடுகிறேன். கதைக்காக எடுத்தால் ஏமாந்து போவீர்கள். எல்லாம் அயல்நாட்டுப் புனிதர்களின் சரித்திரம். நம் கடற்கரையைப் பற்றித் தேடினால் கிடைக்காது. ஆனால் வாக்கியங்கள் பேச்சுக்குப் பக்கத்திலேயே நடக்கின்றன. பண்டிதருக்குப் பயந்து எழுதிய தமிழ் இல்லை. தோணிக்காரர் குடும்பம் உட்கார்ந்து கேட்டால் புரியவேண்டும் என்று எழுதிய தமிழ். நம்மைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல், ஆனால் நமக்காகவே எழுதினார் மனிதர். நம்மைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி, நம்மைத் தவிர எல்லோருக்கும் அனுப்பியவர்களோடு இவரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த இரண்டாவது வகைக்கு உதாரணம், சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது, கால்டுவெல்.

* * *

மெரினாவில் சிலையாக நிற்கிறாரே, அதே ராபர்ட் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர். அவரைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதி இல்லை, விருப்பமும் இல்லை. ஆனால் ஒப்பிலக்கணத்துக்கு ஏழு வருஷம் முன்னால் அவர் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதைப் பற்றிப் பேசாமல் அவரைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சு.

மணப்பாட்டிலிருந்து தெற்கே உவரி தாண்டி, கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளினால் இடையன்குடி. தேரி மணல், பனங்காடு. 1841ல் கால்டுவெல் இங்கே வந்து சேர்ந்தார். 1844ல் எலைசா மால்ட் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். எலைசா நாகர்கோவில் மிஷனரியின் மகள். நம்மூரிலேயே தமிழ் பேசி வளர்ந்தவர். இடையன்குடியில் பெண் குழந்தைகளுக்கு விடுதிப் பள்ளி ஆரம்பித்தது, லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தது எல்லாம் அந்த அம்மாள்தான்.

இப்படிக் குடும்பமாகக் குடியேறுவது சுகமான காரியம் என்று நினைத்துவிட வேண்டாம். திருக்குறளை இங்கிலீஷில் கொண்டுபோன ஜி.யு. போப், தூத்துக்குடிக்குப் பக்கத்திலுள்ள சாயர்புரத்தில் அதே காலத்தில்தான் இருந்தார். அவருடைய முதல் மனைவி மேரி 1845ல் தூத்துக்குடியில் இறந்துபோனார். கல்யாணமாகி நாலே வருஷம். 'வெளிநாட்டில் ஒரு வருஷம்' என்று உல்லாசமாக எழுதுகிற காலம் இல்லை அது. வந்தவர்கள் உயிரைப் பணயம் வைத்துத்தான் வந்தார்கள்.

1849ல் கால்டுவெல்லின் சின்னப் புத்தகம் சென்னையில் அச்சானது. இங்கிலீஷ். தன்னைச் சுற்றி வாழ்ந்த பனையேறும் மக்களைப் பற்றியது. தலைப்பில் அவர்களுடைய பழைய சாதிப் பெயர். இன்று நாடார் என்கிறோம். அவர்களுடைய மதமும் ஒழுக்க நிலையும் பற்றிய சித்திரம் என்று தலைப்பே சொல்லிவிடும். பேய் வழிபாடு, கொடை, சாமியாட்டம், பனைத்தொழில் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார். பனையைப் பற்றிய பகுதி இன்றைக்கும் பிரயோஜனமானது. ஆனால் அந்த மக்களை எடை போடுகிற இடம் வரும்போது குரல் மாறிவிடுகிறது. புத்தி மந்தமானவர்கள், நாகரிகத்தின் அடிப்படியில் இருக்கிறவர்கள், எங்கிருந்தோ வந்தவர்கள் என்கிற தொனி. தனி ஆளைச் சொல்லவில்லை, ஒரு சமூகத்தையே சொல்கிறார்.

கவனியுங்கள். ஒரு வருஷம் இருந்த ஆள் இல்லை. எட்டு வருஷம் அதே ஊரில், அதே மக்களோடு இருந்தவர். தமிழ் நன்றாகத் தெரிந்தவர். வீட்டிலேயே பேச்சுத் தமிழில் புழங்குகிற மனைவி. அப்படியும் ஏன் இப்படி? காரணம் முகவரி. லண்டனில் இருக்கிற மிஷன் சங்கத்தாருக்கும் நன்கொடை கொடுக்கிற பக்தர்களுக்கும் எழுதியது. இருட்டு எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு விளக்கெண்ணெய்க்குப் பணம் வரும். இதைப் பனங்காட்டில் இருப்பவர் படிப்பார் என்று அவர் நினைக்கவே இல்லை.

படித்தார்கள்! அதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. எப்படிப் படித்தார்கள்? மிஷனரிகள் ஆரம்பித்த பள்ளிக்கூடங்களில் இங்கிலீஷ் கற்றுக்கொண்டு படித்தார்கள். ஒரு தலைமுறை ஆனது. அருமைநாயகம் என்கிற சட்டம்பிள்ளை, மிஷனிலிருந்து பிரிந்து 1857ல் நாசரேத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒரு இந்து கிறிஸ்தவ சபையையே தொடங்கியவர், இந்தப் புத்தகத்துக்கு எதிராகக் கிளம்பியவர்களில் முக்கியமானவர். பதில் நூல்கள் வந்தன. மதராஸ் அரசாங்கத்துக்கும் லண்டனுக்கும் மனுக்கள் பறந்தன. கால்டுவெல் அப்போது பிஷப். தூத்துக்குடியில் அவர் பெயரால் கல்லூரி நடந்துகொண்டிருந்த 1880களில், அந்தப் புத்தகத்தைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. இந்த விவகாரத்தை விவரமாகத் தொகுத்து எழுதியவர் யார் தெரியுமா? 1960களில் இங்கே வந்து தங்கி ஆராய்ச்சி செய்த ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்ற அமெரிக்கர். 1969ல் வந்த அவருடைய புத்தகம் 'த நாடார்ஸ் ஆஃப் தமிழ்நாடு'. அவர் எழுதும்போது படிக்கப்போகிறவர்களில் நாடார்களும் உண்டு என்று தெரிந்தே எழுதினார். பக்கத்துக்குப் பக்கம் அந்த ஜாக்கிரதை தெரியும்.

சிலர் சொல்வார்கள்: அந்தக் காலத்து ஐரோப்பியர் எல்லோரும் அப்படித்தான், இன்றைய அளவுகோலால் அளக்கக்கூடாது என்று. எனக்கு உடன்பாடு இல்லை. இன்றைய அளவுகோல் எதற்கு? 1880களில், அவர் உயிரோடு இருக்கும்போதே, அந்த மக்களே அளந்து சொல்லிவிட்டார்களே! அதைவிட, கால்டுவெல்லின் 1856 ஒப்பிலக்கணத்தையே அளவுகோலாக வையுங்கள். அதே கை, அதே பனங்காடு, அதே வீடு. அங்கே அவர் ஆட்களை எடை போடவில்லை. அவர்கள் பேசுகிற பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார். தமிழ் தெரிந்த எவரும் தப்பு கண்டுபிடித்துச் சொல்லலாம் என்கிற பயம் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கும். 1875ல் திருத்தி விரித்து இரண்டாம் பதிப்பும் கொண்டுவந்தார். திருத்தப்படக்கூடிய புத்தகம் நின்றது. பதில் சொல்ல ஆள் இல்லை என்று நினைத்து எழுதிய புத்தகம் வாபஸ் ஆனது.

இடையில் ஒருவரைச் சொல்லாமல் விடக்கூடாது. அரசாங்க மீன்துறை அதிகாரியாக இதே கடற்கரையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னல், 1914ல் சங்கைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தூத்துக்குடிக் கடலில் எடுத்த சங்கு எப்படி வங்காளத்துக்குப் போய் டாக்கா வளையலாகிறது என்பது வரை விவரம். சர்க்காருக்கு எழுதிய அறிக்கைதான். ஆனாலும் பெரும்பாலும் தொழிலைப் பார்த்தார், தொழிலாளியின் ஒழுக்கத்தைப் பார்க்கவில்லை. அதனால் இன்றைக்கும் ஒரு சங்குக்குளிக்காரரிடம் அதைப் படித்துக் காட்டலாம். உட்கார்ந்து கேட்பார்.

* * *

சரி, வெள்ளைக்காரர்களை மட்டும் நிற்க வைத்துக் கேள்வி கேட்பது சுலபம். இப்போது நாமும் போகிறோமே!

தூத்துக்குடிப் பையன் என்ஜினீயரிங் படித்து, ஒரு வருஷ புராஜக்ட்டுக்கு ஜெர்மனி போகிறார். மனைவி, குழந்தையோடு. மூன்றாம் மாதமே எழுத ஆரம்பித்துவிடுவார். ரயில் நிமிஷம் தப்பாமல் வரும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் காசு. பெரியவர்கள் தனியாக இருக்கிறார்கள், பாவம், பாசமே இல்லை. சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம், ஆனால் நம் குடும்ப அமைப்பு அவர்களுக்கு வருமா?

எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இல்லை? இடையன்குடியிலிருந்து லண்டனுக்குப் போன குரல்தான். திசை மட்டும் மாறியிருக்கிறது. ஒரு பாட்டி தனியாக இருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, ஒரு தேசத்துக்கே பாசம் இல்லை என்று தீர்ப்பு. அந்தப் பாட்டி தமிழ் படிக்க மாட்டார் என்கிற தைரியம். நம் பத்திரிகைகளில் பல வருஷமாக வந்த வெளிநாட்டுப் பயணக் கட்டுரைகளில் பாதிக்கு மேல் இந்த தைரியத்தில் எழுதியவைதான். படிக்கும்போது ருசியாகத்தான் இருக்கும். பத்து வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தால் ஹோட்டல் சாப்பாடும் ரயில் நேரமும்தான் மிச்சம்.

விதிவிலக்கு உண்டு. அசோகமித்திரன் 1973ல் அமெரிக்காவின் அயோவா நகரத்துக்கு எழுத்தாளர் திட்டம் ஒன்றில் போய் ஏழு மாதம் இருந்தார். அந்த அனுபவத்திலிருந்து எழுதியது 'ஒற்றன்'. ஒரு வருஷம்கூட இல்லை பாருங்கள்! அதில் அமெரிக்கா இப்படி, அமெரிக்கர்கள் அப்படி என்று ஒரு தீர்ப்பும் கிடையாது. குளிர், மாவு, பஸ், பல தேசங்களிலிருந்து வந்து சேர்ந்த எழுத்தாளர்கள். ஒவ்வொருவரும் தனி ஆள். அதில் அதிகமாகத் திண்டாடுகிறவர், அதிகமாகச் சிரிப்புக்கு ஆளாகிறவர் எழுதுகிறவரேதான். அதில் வருகிற எவரிடமும் கொண்டுபோய் அந்தப் புத்தகத்தைப் படித்துக் காட்டலாம். சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால், நான் இப்படி இல்லையே என்று யாரும் மனு போட மாட்டார்கள்.

முத்துக்குளித்துறைக்கும் கடைசியில் அதன் சொந்த எழுத்து வந்தது. உவரியில் பிறந்த ஜோ டி குரூஸ் 2004ல் 'ஆழி சூழ் உலகு' எழுதினார். 2009ல் தூத்துக்குடியையே களமாக வைத்து 'கொற்கை'. 2013ல் அதற்கு சாகித்ய அகாதமி விருது. சவேரியார் கடிதத்தில் கூட்டமாக வந்தவர்களுக்கு இங்கே பெயர் இருக்கிறது, கடன் இருக்கிறது, பொறாமை இருக்கிறது, பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சு சென்னை வாசகருக்கு முதல் ஐம்பது பக்கம் கொஞ்சம் தண்ணி காட்டும். காட்டட்டுமே. முகவரி கடற்கரை. நாம் எட்டி நின்று படிக்கிறோம். தன் மக்களைப் புகழ்ந்து தள்ளிய புத்தகங்கள் என்றும் நினைக்காதீர்கள். சபையையும் சமூகத்தையும் சரியாகவே பிடித்து உலுக்குகிறார். ஆனால் நேருக்கு நேர் நின்று, அவர்கள் பாஷையிலேயே திட்டுவதற்கும், முதுகுக்குப் பின்னால் இன்னொரு பாஷையில் எழுதி அனுப்புவதற்கும் வித்தியாசம் இல்லையா?

ஆகவே, சவேரியாரின் கடிதங்களைப் படிக்க நினைப்பவர்களுக்கு என் சிபாரிசு: அந்தப் பிரசித்தி பெற்ற கடிதத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மன்சிலாஸுக்கு எழுதிய சின்னக் கடிதங்களில் தொடங்குங்கள். கால்டுவெல் சிலைக்கு மாலை போடுகிறவர்கள் 1849 புத்தகத்தைப் பற்றியும் தெரிந்துகொண்டு போடலாம். மாலையின் மதிப்பு குறையாது. ஜெர்மனியில் ஒரு வருஷம் இருந்துவிட்டு வருகிற தம்பி தங்கைகள் தாராளமாக எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன். அனுப்புவதற்கு முன்னால், பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பற்றிய பகுதியை மட்டும் அவருடைய பாஷையில் அவரிடம் சொல்லிப் பாருங்கள். சொல்லுகிற அளவுக்கு ஜெர்மன் வரவில்லை என்றால், அந்தப் பகுதி எழுத இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும்.